அந்தக் கல் எங்கே கிடைத்தது?

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். தோளில் பள்ளிக்கூடப் பை, பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு கல். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். கூடத்தில் உட்கார்ந்து துண்டை மெல்லப் பிரித்தான். தேங்காயைவிடச் சற்றுச் சிறிய உருண்டை. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். ஒரு முனை லேசாகக் கூம்பியிருந்தது. மேலெல்லாம் மெல்லிய விரிசல்.

"மாமா, இது டைனோசர் முட்டைதானே?"

கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

"எங்கப்பா கிடைச்சுச்சு?"

"அஸ்திவாரம் நிரப்ப லோடு மண்ணு அடிச்சாங்கல்ல, அதுல கிடந்துச்சு மாமா."

"எந்த ஊர் மண்ணு?"

"தெரியல மாமா. டிராக்டர் அண்ணன்தான் கொண்டாந்து கொட்டுனாரு."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துவிட்டது. கல் முட்டையா இல்லையா என்பது அப்புறம். அது எந்த மண்ணில், எந்த அடுக்கில் இருந்தது என்பது தொலைந்துபோயிருந்தது. இந்த விஷயத்தில் இருபது வருடமாக எனக்குத் தெரியவந்ததையெல்லாம் ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: கல்லின் உருவம் ஏமாற்றும், கிடைத்த இடம் ஏமாற்றாது.

நான் நிலவியல் படித்தவன் இல்லை. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். சாயங்காலம் காலி சாப்பாட்டுத் தூக்கில் எனக்காக ஏதாவது கொண்டுவருவார். பெரும்பாலும் சிப்பி, கல்லாகிப்போன சிப்பி. கடல் பார்க்க வேண்டுமென்றால் நாள் முழுக்கப் பயணம் போகவேண்டிய ஊரில் இருந்துகொண்டு, தினமும் கடல் சிப்பியை வைத்து விளையாடினேன். பெரியவனான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடை ஓடையாக நடந்தும், தெரிந்த நிலவியலாளர்களைத் தொந்தரவு செய்தும் கற்றுக்கொண்டதுதான் என்னிடம் இருப்பது. அதனாலேயே உறவினர், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று வாரம் இரண்டு பேராவது வாட்ஸப்பில் கல் படம் அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் பாறையைப் பார்க்க வேண்டும். உயிர் கல்லாக வேண்டுமென்றால் அது சேற்றிலோ மணலிலோ சுண்ணாம்புப் படிவிலோ சீக்கிரம் புதைய வேண்டும். அதாவது படிவுப் பாறை வேண்டும். பச்சைமலையும் பெரம்பலூர் நகரத்தைச் சுற்றியுள்ள குன்றுகளும் கருங்கல் வகை. பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. விலங்கே தோன்றாத காலத்தவை. அந்தக் கல்லில் மீன் தெரிந்தாலும், எலும்பு தெரிந்தாலும், மனித முகமே தெரிந்தாலும் அது உயிரின் எச்சம் கிடையாது. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. அந்தக் கருங்கல் தரை கிழக்கே இறங்கி முடியும் இடத்தில், காரை, குளக்காநத்தம் பக்கம், கடல் படிவுகள் தொடங்குகின்றன. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, இடையிடையே விலகியும் திரும்பியும், கடல் இங்கே இருந்திருக்கிறது. ஆக, ஒரு கல் இந்தக் கோட்டுக்கு மேற்கே கிடைத்ததா, கிழக்கே கிடைத்ததா என்று தெரிந்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். என் அக்கா மகனின் கல்லில் இல்லாமல்போனது அந்தப் பாதி.

வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே கல் பொறுக்கியவர்களிடம் எனக்குப் பிடித்தது இந்த ஒழுங்குதான். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த சிப்பிகளை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். பிறகு பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை நடந்து அளந்து, அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார். ஸ்டோலிச்கா என்ற இளைஞர் பெரிய பெரிய தொகுதிகளாக இந்த உயிரினங்களை வரைந்து விவரித்தார். 36 வயதில் லடாக்கில் இறந்துபோனார். அந்தத் தொகுதிகளில் ஒவ்வொரு சிப்பிக்கும் நத்தைக்கும் பக்கத்தில் அது கிடைத்த ஊர் இருக்கும். ஒதியம், கருடமங்கலம் என்று நம் ஊர்களின் பெயர்கள், அந்தக் கால எழுத்துக்கூட்டலில். 150 வருடம் கழித்து இன்றைக்கும் ஒருவர் அந்த ஊருக்குப் போய் அதே அடுக்கைத் தேடிப்பார்க்க முடிகிறது.

சரி, முட்டைக்கு வருவோம். இந்த மாவட்டங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி அதுதான். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று படங்கள் பறந்தன. பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் வந்தது. நிலவியலாளர்கள் வந்து பார்த்துவிட்டு, அவை முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரியோடு சேர்ந்த படிவுருண்டைகள் என்று விளக்கினார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அந்த ஏமாற்றம் புரியவில்லை. ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான ஓர் உயிர், பல கோடி வருடத்துக்கு முன் அந்தக் குளம் இருந்த இடத்தில் நீந்தியிருக்கிறது. முட்டை இல்லையென்றால் அது சாதாரணமாகிவிடுமா?

படிவுருண்டை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ நத்தையோ இலையோ புதைகிறது. அது அழுகும்போது சுற்றியுள்ள சேற்று நீரின் தன்மை மாறுகிறது. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அந்த இடத்தைச் சுற்றிப் படியத் தொடங்குகிறது. எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்தால் உருண்டை. கிடைவாட்டில் அதிகம் படிந்தால் முட்டை வடிவம். சுற்றியுள்ள களிமண் மழையில் கரைந்து போய்விடும், இறுகிய உருண்டை மட்டும் தரையில் நிற்கும். நடுவில் கருவாக எதுவும் இல்லாமலும் இப்படி உருண்டை திரளும். அதனால் உருண்டையே புதைபடிவம் ஆகாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் ஓர் அம்மோனைட் இருக்கலாம்.

உண்மையான முட்டையில் முதலில் தேட வேண்டியது ஓடு. உருண்டை வடிவம் எதிலும் வரும், ஓடு வராது. நர்மதைப் பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில், 92 கூடுகளில் 256 முட்டைகள் கிடைத்ததை 2023 ஜனவரியில் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. டைட்டனோசார் என்ற நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் முட்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர் விட்டம். உடைந்த ஓரத்தில் ஓடு தனி அடுக்காக, உள்ளே நிரம்பிய கல்லிலிருந்து வேறுபட்டுத் தெரியும். கெட்டியாகச் சில மில்லிமீட்டர் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் சின்னச் சின்னப் புள்ளிப்புடைப்பு. குறுக்கே பார்த்தால் படிகங்கள் ஓட்டுக்குச் செங்குத்தாக நிற்கும், மூச்சுத் துளைகள் இருக்கும். முட்டைகள் கூட்டமாக, ஏறக்குறைய ஒரே அளவில் கிடக்கும். படிவுருண்டைகளோ கோலிக்குண்டு அளவில் ஒன்று, பூசணி அளவில் ஒன்று என்று கலந்து கிடக்கும். உடைத்தால் வெளியும் உள்ளும் ஒரே கல், அல்லது வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரியும்.

இன்னொன்றும் உண்டு. டைனோசர் தரையில் வாழ்ந்தது, தரையில் முட்டையிட்டது. குன்னம், காரைப் பகுதிகளின் படிவுகளோ கடலடி. கடல் நத்தைக்கு நடுவில் கிடக்கும் உருண்டையை முட்டை என்று சொல்வதற்கு முன், முட்டை கடலுக்குள் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். அரியலூர்ப் பகுதியில் ஆற்றுப் படிவாக இருப்பது மேல் அடுக்கான கல்லமேடு. டைனோசரைத் தேட வேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டும். ஆக, இங்கேயும் இடம்தான் பேசுகிறது.

முட்டைக்கு அடுத்து அதிகம் வருவது ஆமை. சேற்று உருண்டை உள்ளே காய்ந்து வெடித்து, அந்த வெடிப்புகளில் கால்சைட் நிரம்பினால், மேல் பரப்பு தேய்ந்ததும் கட்டம் கட்டமாக ஆமை ஓடுபோலவே தெரியும். அசல் ஆமை ஓட்டின் உடைந்த விளிம்பில் எலும்பின் துளைத்தன்மை தெரியும். இதில் வெறும் கல்லும் வெள்ளை நரம்பும் மட்டும். அப்புறம் சுக்கான் கல். செம்மண் நிலத்தில் விரல் விரலாக, முட்டி முட்டியாகக் கிடைக்கும். 'மனுஷன் விரல் எலும்பு' என்று பயந்துபோய் ஒரு பெரியவர் எனக்குப் படம் அனுப்பவைத்தார். மண்ணுக்குள் சுண்ணாம்பு படிந்து திரண்டது, பல சமயம் மர வேரைச் சுற்றி. வேர் மட்கிப்போய் அதன் உருவம் மட்டும் மிச்சம். வேர் இருந்ததன் தடம் என்ற வகையில் அதுவும் ஓர் உயிர்ச் சுவடுதான். எலும்பு மட்டும் இல்லை.

கல்லான மாம்பழம், கல்லான பாதம், கல்லான இதயம், கல்லான ஆட்டுத்தலை என்று வருபவற்றுக்கு ஒரே பதில்தான். சதை கல்லாவது அபூர்வத்திலும் அபூர்வம். செத்த உடல் அழுகும், நண்டும் புழுவும் தின்னும். மிஞ்சுவது ஓடு, பல், எலும்பு, மரம் மாதிரிக் கெட்டியானவை. கன்னமும் மூக்கும் உதடுமாக உருண்டு திரண்ட முகம் கல்லில் தெரிந்தால், அதைச் செதுக்கியது மழையும் காற்றும்.

என்னையே பதினொரு வருடம் நம்பவைத்த கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி முடித்த வருடம் ஒரு குவாரி ஓரத்தில் எடுத்தேன். வெளிர் மஞ்சள் பலகைக் கல். நடுவில் கறுப்பு மையில் வரைந்ததுபோல ஒரு செடி. காம்பு, கிளை, கிளையில் கிளை, நுனியில் இலைத்துணுக்கு. கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் 'பெரணிச் செடி, பல கோடி வருஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த ஒரு நிலவியல் பேராசிரியர் அதைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்தச் செடிக்கு நடு நரம்பு எங்கே இருக்கு?"

இல்லை. இலைக்கு நரம்பு இருக்க வேண்டும். காம்பு அடியில் தடித்து நுனியில் மெலிய வேண்டும். கிளை பிரியும் முறையில் ஓர் ஒழுங்கு வேண்டும். என் 'செடி' கல்லின் விரிசல் ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவியிருந்தது. மாங்கனீசு கலந்த நீர் விரிசலுக்குள் கசிந்து, காய்ந்து, தாது படிந்து படிந்து கிளைத்த கோலம் அது. பனிப்பிரதேசத்தில் ஜன்னல் கண்ணாடியில் உறைபனி இலை வரைவதுபோல. அன்றைக்கு எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் அவர் கேட்ட விதத்தை நான் மறக்கவில்லை. 'இது புதைபடிவம் இல்லை' என்று அவர் சொல்லவே இல்லை. எதைத் தேட வேண்டும் என்று மட்டும் காட்டினார். அந்தக் கல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, சரியான பெயரோடு.

உயிருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சிப்பியின் இரண்டு மூடிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். கடல் முள்ளெலியின் ஓட்டில் ஐந்து இதழ் இருக்கும், நாலரை இருக்காது. அம்மோனைட்டின் சுருளில் வரம்புகள் கணக்கிட்டதுபோல இடைவெளி விட்டு வரும். மேல்தோல் உரிந்த இடத்தில் அறைச்சுவர்கள் ஒட்டிய கோடு, பூவேலை செய்ததுபோல மடிந்து மடிந்து தெரியும். நேபாளத்துக் கண்டகி ஆற்றின் சாளக்கிராமத்தைப் பூஜையறையில் வைத்திருப்பவர்கள் உற்றுப் பார்த்தால் அந்தச் சக்கரத்தில் இதே வரம்புகளைக் காணலாம். அதுவும் அம்மோனைட்தான். அடுத்து, அதே ஒழுங்கு இன்னொரு கல்லிலும் வருகிறதா என்று தேட வேண்டும். ஓர் உயிரினம் ஆயிரக்கணக்கில் வாழ்ந்து செத்திருக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் ஒரே வகைச் சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஊருக்கே ஒரே ஒரு கல்லில்தான் 'மீன்' தெரிகிறது, செதிலும் முள்ளும் எங்கேயும் இல்லை என்றால் அது கல்லின் கோலம்.

மரத்தில் இந்தத் தொல்லை குறைவு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் படுத்திருக்கும் கல்மரம் 18 மீட்டர் நீளம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளியுலகுக்குச் சொன்னார். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இருப்பவை அதைவிட வயதில் மிகச் சிறியவை, சுமார் 2 கோடி ஆண்டு. பட்டையும் இல்லாமல் கிளையும் இல்லாமல் மொட்டையாகக் கிடக்கும் அந்த அடிமரங்கள், எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை. அசுரனின் எலும்பு என்று அங்கே ஒரு கதை உண்டு. அந்த வெள்ளைப் பளபளப்பைப் பார்த்தால் ஏன் எலும்பு என்று தோன்றியிருக்கும் என்று புரிகிறது. மரத்தின் நார், கணு, வட்டம் மூன்றும் கல்லில் அப்படியே இருக்கும். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் புகுந்து படிந்ததால் வந்த துல்லியம் அது.

ஆனால் மரமா எலும்பா என்று நிபுணர்களே தடுமாறிய கதை அரியலூரிலேயே நடந்தது. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். பெரும் உடல் கொண்டது என்று அர்த்தம். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர். அது உண்மையென்றால் உலகத்தில் நடந்த மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்று. ஆனால் வெளியான படங்கள் குறைவு, கோட்டோவியங்கள் தெளிவில்லை. எலும்புகளும் சிதைந்துபோயின. அது எலும்பே இல்லை, கல்மரம்தான் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலகாலம் சந்தேகப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமியும் இன்னொருவரும் பழைய களப் படங்களை வெளியிட்டு, அவை எலும்புகள்தான் என்று வாதிட்டார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து வழக்கை மறுபடி எடுக்க முடிந்தது அந்தப் படங்களால். எலும்பு இருந்திருந்தால் ஒரு சின்னத் துண்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். எலும்பில் ரத்தக் குழாய் போன தடங்கள் தெரியும், மரத்தில் நீர்க்குழாய்கள்.

அதே கல்லமேட்டிலிருந்து 2013இல் இன்னொரு குழு ஒரு பல்லை வெளியிட்டது. மாமிச டைனோசர் ஒன்றின் பல். நீளம் சில மில்லிமீட்டர்தான். ஓரத்தில் அரம்போன்ற பற்கள் வரிசையாக. அது எந்தக் குடும்பத்து டைனோசர் என்று வாதம் வரலாம். கல்லா பல்லா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மீட்டர் எலும்பால் முடியாததை நகக்கண் அளவு பல் சாதித்தது. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன், பெரிய உருவத்தைத் தேடாதீர்கள், சின்ன விவரத்தைத் தேடுங்கள்.

படித்தவர்களும் தவறுவார்கள் என்பதற்கு பீம்பேட்கா சாட்சி. போபால் பக்கத்துப் பாறைக் குகைகள், ஆதிமனிதர் ஓவியங்களால் உலகப் புகழ். 2021இல் கிரெகரி ரெட்டாலக் தலைமையில் ஒரு குழு, அங்கே ஒரு குகையின் கூரையில் டிக்கின்சோனியா என்ற ஆதி உயிரியின் பதிவு இருப்பதாக ஆய்விதழில் எழுதியது. 55 கோடி ஆண்டுப் பழமை. உலகச் செய்தியானது. இலை வடிவம், நடுக்கோடு, இருபுறமும் வரிகள் என்று பார்வைக்கு எல்லாம் பொருந்தியது. 2022 டிசம்பரில் ஜோசப் மீர்ட் என்பவரின் குழு நேரில் போய்ப் பார்த்தது. அதற்குள் அந்த 'உயிரி' பாறையிலிருந்து உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது! மலைத்தேனீக் கூட்டின் மிச்சம் அது. பக்கத்திலேயே புதிய கூடுகளும் இருந்தன. மெழுகும் அறைகளும் நெருங்கிப் பார்த்தபோது தெரிந்தன. ரெட்டாலக் தன் தவறை ஒப்புக்கொண்டார். அறிவியலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ப் பார்க்க முடிந்ததால் தவறு இரண்டு வருடத்துக்குள் திருந்தியது. அந்தப் பாறையைப் பெயர்த்து யாராவது வீட்டில் வைத்திருந்தால்?

வீட்டுச் சோதனைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறது, அப்படியானால் சிப்பிதானே என்று. சுண்ணாம்பு இருக்கும் எதுவும் நுரைக்கும், படிவுருண்டையும் நுரைக்கும், சுக்கான் கல்லும் நுரைக்கும். அதனால் எதுவும் நிரூபணமாகாது. நாக்கில் வைத்தால் ஒட்டும் என்று எலும்புக்குச் சொல்வார்கள். நுண்துளைகள் ஈரத்தை இழுப்பதால் அது ஓரளவு உண்மைதான், ஆனால் நுண்துளை உள்ள களிமண் கல்லும் ஒட்டும். கழுவாத கல்லை வாயில் வைப்பதும் நல்லதல்ல. நகத்தால் கீறிப் பார்ப்பது மட்டும் ஓர் இடத்தில் நன்றாக உதவும். அதற்குக் காரைக்குப் போக வேண்டும்.

போன ஞாயிறு அக்கா மகனை அழைத்துக்கொண்டு காரைக்குப் போனேன். அதற்கு முன்னால் டிராக்டர்க்காரரிடம் பேசினோம். "ரெண்டு மூணு எடத்துல எடுத்தோம்ணே, எதுல வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது" என்றார். அவர்மேல் குற்றமில்லை. கல்லில் ஓடு இல்லை, விரிசல் மேல்தோலோடு நின்றுவிட்டது, உடைந்திருந்த ஒரு மூலையில் உள்ளும் புறமும் ஒரே கல். படிவுருண்டைதான் என்று அவனே கண்டுபிடித்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன்.

காரையில் களிமண் நிலம் மழையில் அறுபட்டு, பிளவு பிளவாக, வெயிலில் செம்மஞ்சளாகக் கிடக்கும். புல்கூட அதிகம் முளைக்காது. தரையெல்லாம் ஜிப்சம் வெள்ளை வெள்ளையாகப் பளபளக்கும். நார் நாராக இருக்கும் ஜிப்சத் துண்டைப் பார்த்தவுடன் அவன் கத்தினான்: "மாமா, பல்லு!" நகத்தால் கீறச் சொன்னேன். கோடு விழுந்தது. பல்லிலும் எலும்பிலும் நகக்கீறல் விழாது. ஜிப்சத்தின் நார்கள் எல்லாம் ஒரே திசையில் அடுக்கி நிற்கும், அதையும் காட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து அவன் குனிந்து நின்றுவிட்டான். துப்பாக்கித் தோட்டாபோல, சுண்டுவிரல் நீளத்தில், பழுப்பாக ஒன்று. ஒரு முனை கூர்மை, மறுமுனை உடைந்திருந்தது. நகத்தால் கீறினான், விழவில்லை. உடைந்த முனையை லென்ஸில் பார்த்தான். நடுப்புள்ளியிலிருந்து நாலாபுறமும் ஆரக்கால்போல் படிகங்கள், வட்டத்துக்குள் வட்டம். பத்தடி தள்ளி அதேபோல் இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது. பெலெம்னைட் என்று பெயர் சொன்னேன். கணவாய்க்கு உறவு, உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி இது. சுமார் 10 கோடி வருடம்.

கையில் எடுக்கவே தயங்கினான். "எடுத்துக்கலாமா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தோம். சற்றுத் தள்ளி நின்று, கல்லும் அது கிடக்கும் சரிவும் சேர்ந்து தெரிய இன்னொரு படம். போனில் இடக்குறிப்பு, நோட்டில் தேதி. திரும்பும் வழியில் வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் அதே பெலெம்னைட்டைப் பார்த்து, பெயர்ப் பலகையை இரண்டு தடவை படித்தான்.

படிக்கிற உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கல்லைப் பெயர்க்காதீர்கள், உடைக்காதீர்கள், காசுக்கு விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். சாத்தனூரிலும் திருவக்கரையிலும் ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள், அவை தேசியப் புவியியல் சின்னங்கள். கிணறோ குளமோ வெட்டும்போது ஏதாவது வெளிவந்து, அதை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், எத்தனை அடி ஆழம், எந்த நிற மண், கூட வேறு என்ன கிடந்தது என்று எழுதிவைத்துவிட்டு நகர்த்துங்கள். பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் கல்லை மட்டும் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். அது கிடந்த தரையையும், பக்கத்தில் வைத்த நாணயத்தையும், ஊர்ப் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த மூன்றும் இருந்தால் நிச்சயம் பதில் எழுதுகிறேன்.